நூற்று எண்பத்து மூன்றாம் பாட்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். பொய் இல்லை. ஆனால் அந்தக் கோபத்தில் பாதிக்கு மேல் நான் மனிதர்கள் மீது காட்டியதில்லை. ஸ்லைடு தயாரிக்கிற மென்பொருள்கள் மீதுதான் காட்டியிருக்கிறேன். ஒரு பெட்டியை இழுத்தால் பக்கத்துப் பெட்டி கூடவே நகரும். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் கடைசி வரி பக்கத்தை விட்டு வெளியே குதித்துவிடும். தொம்மலூரில் ஓர் அலுவலகத்தில் பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் எடுக்க மாதாமாதம் ஸ்லைடு செய்துதான் ஆக வேண்டும். மௌஸைப் பிடித்துப் பெட்டி தள்ளியே என் ஆயுள் போய்விடும் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் அலுவலகத்தில் ஒருவர் வேறு வழியைக் காட்டினார். வெறும் எழுத்து. நோட்பேடு மாதிரி ஒரு சாதாரணக் கோப்பில் தட்டிக்கொண்டே போக வேண்டியது. வரியின் முன்னால் ஒரு ஹாஷ் குறி போட்டால் அது தலைப்பு. நட்சத்திரம் போட்டால் பட்டியல். ஒரு வரியில் மூன்று சிறு கோடு போட்டால் அங்கே ஒரு ஸ்லைடு முடிந்து அடுத்தது ஆரம்பம். அவ்வளவுதான். சேமித்துவிட்டு பிரவுசரில் திறந்தால் எல்லாம் தானாக ஸ்லைடாக வந்து நிற்கும். அம்புக்குறியைத் தட்டினால் பக்கம் திரும்பும். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை என்று மனைவி கேலி செய்தாள்.

அதிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் இதே பேச்சு. பயிற்சி வகுப்பில் ஒரு தந்திரத்தை மட்டும் தவறாமல் காட்டுவேன். எண் போட்ட பட்டியல் வேண்டுமென்றால் நீங்கள் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம், வரியின் ஆரம்பத்தில் ஏதோ ஓர் எண்ணும் ஒரு புள்ளியும் போட்டால் போதும், முதல் எண்ணை மட்டும் அது எடுத்துக்கொள்ளும், மீதியைத் தானே வரிசையாகப் போட்டுவிடும் என்பேன். நடுவில் ஒரு வரியைச் செருகினாலும் எண் குழம்பாது. இதைச் சொல்லும்போது வகுப்பில் யாராவது ‘ஓ’ என்பார்கள். அந்த ‘ஓ’வுக்காகவே அதைச் சொல்வேன்.

நாங்கள் இருப்பது ஜீவனஹள்ளியில். நடந்து போகிற தூரத்தில் எங்கள் சபை. ஞாயிறு காலை தமிழ் ஆராதனையில் என் மனைவிதான் கீபோர்டு வாசிப்பாள். ஓர் ஆரம்பப் பள்ளியில் பாட்டு டீச்சர். சபையில் பத்தொன்பது வருடமாக அந்தக் கீபோர்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். வாசிப்பது மட்டுமல்ல, வாராவாரம் என்ன பாட்டு என்று தேர்ந்தெடுப்பதும் அவள்தான். போதகர் அதில் தலையிட மாட்டார். வேதபாடம் எதுவோ அதைப் பார்த்து, யார் வீட்டில் என்ன விசேஷம் என்று விசாரித்து, சனிக்கிழமை மூன்று எண்களை ஒரு துண்டுத் தாளில் எழுதிவைப்பாள். சபை முழுக்க அது தெரியும். பாட்டு நன்றாக இருந்தால் அவளைப் பாராட்டுவார்கள், இழுவையாக இருந்தால் அவளைக் கேட்பார்கள்.

எங்கள் சபையில் பாட்டின் வரிகளைத் திரையில் போடும் வழக்கம் கிடையாது. புத்தகத்தைக் கையில் பிடித்துத்தான் பாட வேண்டும் என்பதில் எல்லோரும் பிடிவாதம். முன்பெல்லாம் தூண் பக்கத்தில் ஒரு மரப்பலகை இருக்கும், அதில் அன்றைய பாட்டு எண்களை அட்டையில் செருகிவைப்பார்கள். ஜனங்கள் வந்து உட்கார்ந்ததும் பலகையைப் பார்த்து, புத்தகத்தில் மூன்று இடத்தில் காகிதத் துண்டு வைத்துக்கொள்வார்கள். ஆராதனையில் யாரும் எண்ணை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ‘எழுந்து நின்று பாடுவோம்’ என்பார் போதகர், உடனே எல்லோருக்கும் பக்கம் திறந்திருக்கும்.

திரையும் ப்ரொஜக்டரும் வந்தபோது அறிவிப்புகளையும் பாட்டு எண்களையும் மட்டும் அதில் போடலாம் என்று கமிட்டி ஒத்துக்கொண்டது. முதலில் ஸ்லைடு செய்தவர் வீட்டுக் கணினியில் அழகாகச் செய்துகொண்டு வருவார். சபையின் லேப்டாப்பில் திறந்தால் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக விழும். நான் சும்மா இருக்காமல் கமிட்டியின் முன்னால் போய், எழுத்துக் கோப்பாக எழுதி பிரவுசரில் காட்டினால் எந்த லேப்டாப்பிலும் தமிழ் ஒழுங்காக வரும், பிழையே வராது என்று வாய் கிழியப் பேசினேன். பிழையே வராது என்ற அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததுதான். பலகையைக் கழற்றி ஸ்டோர் ரூமில் வைத்தார்கள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி பெஞ்சில் லேப்டாப்போடு உட்காருவது என் வேலை ஆயிற்று.

போன வருடக் கடைசியில் சபையில் ஒரு பேச்சு கிளம்பியது. கீபோர்டு மட்டும் போதாது, கிட்டார், டிரம்ஸ் என்று நாலு பேர் கொண்ட ஒரு குழுவை வைத்தால் இளைஞர்கள் வருவார்கள், சிஸ்டர் ரொம்ப வருஷம் வாசித்துவிட்டார், ஓய்வு கொடுக்கலாம் என்று கமிட்டிச் செயலாளர் சொல்லிக்கொண்டிருந்தார். கமிட்டி ஒரு புதன்கிழமை கூடி முடிவெடுப்பதாக இருந்தது. மனைவி வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த மாதம் முழுக்க ஒரு நாள் விடாமல் பயிற்சி செய்தாள். அந்த நாற்காலி போய்விட்டால் அவள் என்ன ஆவாள் என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

அந்தப் புதனுக்கு முந்திய ஞாயிறு, செயலாளருடைய அப்பாவுக்கு எண்பதாவது பிறந்தநாள் ஸ்தோத்திரம். மூன்றாம் பாட்டு பாடும்போது குடும்பமாக முன்னால் வந்து நிற்பார்கள், போதகர் ஜெபிப்பார். அதற்கென்று மனைவி யோசித்து யோசித்து 230ஐத் தேர்ந்தெடுத்தாள். நன்றிப் பாட்டு, மெட்டும் துள்ளலாக இருக்கும். முதல் பாட்டு 181. வேதபாடத்துக்குப் பின் 112.

வெள்ளிக்கிழமை செயலாளர் எனக்கு போன் செய்தார். “பிரதர், ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனி ஸ்லைடு எதுக்கு? மூணு நம்பரையும் ஒரே பக்கத்துல போட்டுடுங்க. ஜனங்க முதல்லயே பேப்பர் வச்சுக்குவாங்க இல்லே?” என்றார். நியாயமாகத்தான் பட்டது. அதுவரை ‘பாட்டு 181’ என்று ஒரு பக்கத்தில் ஒரே வரிதான் போட்டுக்கொண்டிருந்தேன். இந்த முறை ஒரே பக்கத்தில், வரிக்கு வரி எண்ணையும், புள்ளியையும், பாட்டின் இடத்தையும் தட்டினேன்: 181. ஆரம்பப் பாட்டு. அடுத்த வரியில் 112. வேதபாடத்துக்குப் பின். அதற்கடுத்து 230. ஸ்தோத்திரப் பாட்டு. மனைவியின் துண்டுத் தாளை வைத்து இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி. பிரவுசரிலும் திறந்து பார்த்தேன், எழுத்தின் அளவு போதுமா, நிறம் தெரிகிறதா என்று. எண்களைப் பார்க்கவில்லை. அதுதான் கோப்பில் இரண்டு முறை பார்த்தாயிற்றே.

இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை.

ஞாயிறன்று முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவது பாட்டு என்னவோ மெதுவாக, மோட்ச வீட்டைப் பற்றியதாக இருந்தது. நான் பாட்டுக்காரன் இல்லை, அடுத்த அறிவிப்புப் பக்கத்தைத் தேடிக் குனிந்திருந்தேன், பெரிதாகக் கவனிக்கவில்லை. மூன்றாவதுக்குப் போதகர் எழச் சொன்னார். எண்பது வயதுக்காரர் புது வேட்டியும் ஜிப்பாவுமாக, மகன் மருமகள் பேரப்பிள்ளைகள் சூழ, பீடத்துக்கு முன்னால் வந்து நின்றார். கீபோர்டு ஒரு நொடி தயங்கியது. பிறகு ஆரம்பித்தது. அது 183, அடக்க ஆராதனையில் பாடுகிற பாட்டு. கல்பள்ளிக் கல்லறைத் தோட்டத்தில் குழிக்குப் பக்கத்தில் நின்று எத்தனையோ முறை கேட்டது. புத்தகம் இல்லாமலே எல்லோருக்கும் மனப்பாடம். சபை தயங்கித் தயங்கிப் பாடியது. வழக்கமான அழுகை இழுவை இல்லாமல் மனைவி அதைக் கொஞ்சம் வேகமாக வாசித்தாள், நடுவில் மண்ணைப் பற்றி வரும் சரணங்களை விட்டுவிட்டு முதலும் கடைசியுமாக முடித்துக்கொண்டாள். ஐயோ, ஐயோ, இவளுக்கு என்ன ஆயிற்று என்று நான் கடைசி பெஞ்சில் தலையில் அடித்துக்கொண்டேன். திரையை நிமிர்ந்து பார்க்கத் தோன்றவில்லை.

ஆராதனை முடிந்ததும் வாசலில் செயலாளர் வழிமறித்தார். முகம் சிவந்திருந்தது.

“ஏன் சிஸ்டர், எங்கப்பாவோட எண்பதாவது பர்த்டேக்கு இந்தப் பாட்டுத்தான் கெடச்சுதா உங்களுக்கு?”

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவரிடம், “மன்னிச்சுக்கோங்க பிரதர். நம்பர் மாறிப்போச்சு. என் தப்புதான்” என்றாள்.

“நம்பர் மாறிப்போச்சா? நீங்க பாக்காம யாரு பாப்பாங்க? இதுக்குத்தான் நான் சொல்லிட்டே இருக்கேன். புதன்கிழமை பேசிக்கலாம்.”

அவருடைய அப்பா மட்டும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். அவர் பேச்சில் கன்னடம் கலந்து வரும். “விடுப்பா, சும்னே எதுக்குக் கத்துற. நல்லாத்தான் வாசிச்சாங்க. அன்னைக்குப் பாடுனா எனக்கு எப்படியும் கேக்காது. இன்னைக்கே கேட்டுட்டேன்” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மகன் சிரிக்கவில்லை.

வழியெல்லாம் நான் மனைவியை வெளுத்து வாங்கினேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. “230ன்னு நீதானே எழுதிக் குடுத்தே? அப்புறம் எதுக்கு 183 வாசிச்சே? புதன்கிழமை மீட்டிங்கை வச்சுக்கிட்டு இப்படியா பண்ணுவாங்க? கவனம் எங்க இருந்துச்சு?” என்றேன். காய்கறி வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரல் ஏறியிருந்தது.

“திரையில 183ன்னு இருந்துச்சுங்க” என்றாள் மெதுவாக.

“சும்மா கதை விடாதே. ரெண்டு தடவை செக் பண்ணியிருக்கேன்.”

“112 வாசிக்க ஆரம்பிச்சப்போ பக்கத்துல பாடறவங்க 182ன்னு ஜாடை காட்டுனாங்க. திரும்பிப் பாத்தேன். அப்படித்தான் இருந்துச்சு. எல்லார் கையிலயும் அந்தப் பக்கம் திறந்திருக்கு. நான் வேற மெட்டை வாசிச்சா ஜனங்க என்ன பாடுவாங்க?”

நான் கேட்டால்தானே. வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்தேன். கோப்பைக் காட்டினேன். 181, 112, 230. பளிச்சென்று இருந்தது. “பாத்துக்கோ. கண்ணால பாத்துக்கோ” என்றேன். ஜெயித்துவிட்ட திமிர் எனக்கு.

அவள் ஒரு நிமிடம் பார்த்தாள். “இதை இல்லீங்க. அங்க திரையில காட்டுவீங்களே, அது மாதிரி போட்டுக் காட்டுங்க” என்றாள்.

பிரவுசரில் திறந்தேன். 181. ஆரம்பப் பாட்டு. 182. வேதபாடத்துக்குப் பின். 183. ஸ்தோத்திரப் பாட்டு.

முதல் எண்ணை மட்டும் அது எடுத்துக்கொள்ளும், மீதியைத் தானே வரிசையாகப் போட்டுவிடும். வகுப்பு வகுப்பாக நான் பெருமையடித்துக்கொண்ட தந்திரம். எங்கள் பாட்டுப் புத்தகத்தில் துதிப் பாட்டுகள் 181ஓடு முடிகின்றன. 182 மோட்சத்தைப் பற்றியது, 183லிருந்து அடக்கம். இரண்டு முறை சரிபார்த்தேன் என்று குதித்தேனே, நான் சரிபார்த்தது நான் தட்டியதைத்தான். சபை படித்ததை நான் படிக்கவே இல்லை.

“என் தப்பு” என்றேன்.

“சரி, கை கழுவுங்க, சாப்பிடலாம்” என்றாள். பிறகு, “இதை யார்கிட்டயும் போய் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. நான்தான் என் தப்புன்னு சொல்லிட்டேனே” என்றாள்.

திங்களும் செவ்வாயும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உண்மையைச் சொல்கிறேன், வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்ற யோசனை வந்தது. அவளே சொல்லிவிட்டாள், நாம் எதற்குக் கிளற வேண்டும் என்று மனம் சப்பைக்கட்டு கட்டியது. பிழையே வராது என்று அதே கமிட்டியின் முன்னால் பேசியவன் நான். எந்த முகத்தோடு போய் நிற்பது? செவ்வாய் மாலை வீடு திரும்பும்போது கீபோர்டின் மீது துணி போர்த்தி இருந்தது. அந்த மாதத்தில் அவள் முதல் முறையாக அன்று வாசிக்கவில்லை. அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

புதன்கிழமை அலுவலகத்திலிருந்து நேராக சபை அலுவலக அறைக்குப் போனேன். போதகர், செயலாளர், இன்னும் ஐந்தாறு பேர். லேப்டாப்பைத் திறந்துவைத்து, பூசி மெழுகாமல் சொன்னேன். அவள் கொடுத்த எண் சரி, நான் தட்டியதும் சரி, ஆனால் வரியின் ஆரம்பத்தில் எண்ணும் புள்ளியும் வந்ததால் மென்பொருள் அதைப் பட்டியல் என்று நினைத்துத் தானாக எண்ணிவிட்டது, இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், தவறு முழுக்க என்னுடையது என்றேன். கோப்பைக் காட்டினேன்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பிரதர், உங்க நல்ல மனசு புரியுது. வீட்டுக்காரம்மாவைக் காப்பாத்தணும்னு வந்திருக்கீங்க. ஆனா சிஸ்டரே என் தப்புன்னு வாசல்ல சொன்னாங்க. இந்த ஃபைல் வெறும் எழுத்துத்தானே? நேத்து உட்காந்து மாத்தியிருக்கலாமே.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதுதான் எழுத்துக் கோப்பின் பெருமை என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். பல்லைக் கடித்துக்கொண்டு லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன்.

“நீங்களே தட்டுங்க பிரதர். உங்களுக்குப் பிடிச்ச மூணு நம்பர். ஒவ்வொண்ணுக்கும் பின்னால ஒரு புள்ளி, ஒரு இடைவெளி, ஏதாவது ஒரு வார்த்தை.”

அவர் ஒரே விரலால் தட்டினார். 80. அப்பா. 14. வீடு. 5. பேரன். சேமித்து பிரவுசரைத் திறக்கச் சொன்னேன். திரையில் 80. அப்பா, 81. வீடு, 82. பேரன் என்று வந்தது. அவர் திரையைப் பார்த்தார், தான் தட்டியதைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

“என் பேரனுக்கு எண்பத்திரண்டா?” என்றார்.

போதகர் சிரித்துவிட்டார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், செயலாளர் உட்பட. சிரிப்பு அடங்கியதும் போதகர்தான் பேசினார். தப்பான எண் வந்தும் சபை குழம்பாமல் பாடியது யாரால் என்று கேட்டார். மண்ணைப் பற்றிய சரணங்களை அவள் விட்டுவிட்டதை அவர் கவனித்திருந்தார். அடுத்த வருடமும் கீபோர்டு அவளுக்குத்தான், குழு வேண்டுமென்றால் மாலை ஆராதனையில் வாசிக்கட்டும் என்று முடிவாயிற்று. செயலாளர் எழுந்து என் கையைப் பிடித்து, “சிஸ்டர்கிட்ட நானே வந்து மன்னிப்புக் கேக்கறேன், பிரதர். விசாரிக்காம பேசிட்டேன்” என்றார்.

வீட்டுக்கு ஏறக்குறைய ஓடினேன். அவள் கூடத்தில் உட்கார்ந்து ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோலிலிருந்து பிதுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், எண்பத்திரண்டு வயதுப் பேரன் உட்பட. அதற்குச் சிரித்தாள். நாற்காலி அவளுக்குத்தான் என்றதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“பாத்தியா? விசாரிக்காம பேசிட்டேன்னு அவரே ஒத்துக்கிட்டார். பத்தொன்பது வருஷமா பாக்கறாங்க உன்னை. ஒரு நிமிஷத்துல எப்படித்தான் நம்பினாங்களோ நீ தப்பு பண்ணியிருப்பேன்னு” என்றேன்.

அவள் கொட்டையைப் பிதுக்குவதை நிறுத்தவில்லை.

“அவருக்கு நான் சொல்லவே இல்லை, திரையில அப்படி இருந்துச்சுன்னு. நாலு பேர் முன்னாடி உங்களுக்கு அசிங்கமா இருக்கும்னுதான் சொல்லலை. உங்களுக்குச் சொன்னேன். தெருவுல வச்சுச் சொன்னேன். நீங்க வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைப் பாத்துட்டுத்தானே நம்பினீங்க?”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் தப்பு என்று சொன்னபோது, அந்த எண்களுக்காக மட்டும்தான் சொன்னேன் என்று அப்போதுதான் உறைத்தது.

“ஆமா” என்றேன்.

“ம்” என்றாள் அவள்.